18 மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் நோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள். கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான, தடுப்பூசியே இல்லாத ஹெபடைடிஸ் சி, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைப் பற்றி மட்டும் ஒரே வரி: குழந்தைக்கு 18 மாதம் ஆன பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம் என்று. குழந்தைகள் தடுப்பூசிப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்த எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இந்த 18 மாதக் கணக்குக்குக் காரணம் உண்டு. வைரஸை எதிர்க்கத் தாயின் உடல் உருவாக்கி இரத்தத்தில் வைத்திருக்கும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் வந்துவிடுகின்றன. அவை முற்றிலும் மறைய ஒன்றரை வயது வரை ஆகலாம். அதற்குள் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் 'பாசிட்டிவ்' என்று வந்து வீட்டையே கலங்கடித்துவிடும். ஆனால், வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 நவம்பரிலேயே, ஹெபடைடிஸ் சி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு 2 முதல் 6 மாதத்துக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. வைரஸ் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் அதோடு கவலை விட்டது.

அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் தாய்மார்கள் தடுப்பூசி அட்டையும் கையுமாகத் தவறாமல் வருவார்கள். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டால் வருகை குறைந்துவிடும். வீடு மாறுவார்கள், தொலைபேசி எண் மாறும். '18 மாதத்தில் பரிசோதனை' என்று சிவப்பு மையில் நானே எழுதி வைத்த கோப்புகளில் எத்தனையோ திரும்பத் திறக்கப்படவே இல்லை. இந்தத் தொற்று உள்ள குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும், தவழும். கண்ணில் மஞ்சள்கூடத் தெரியாது. நோய் என்று சந்தேகப்பட்டு யார் அழைத்து வருவார்கள்? கல்லீரல் சுருங்கி வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

ஒரு பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை. இரண்டாம் மாத ஊசிக்கு வந்தவர், மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து, "என் இரத்தத்தில் இருப்பது இவளுக்கும் போயிருக்குமா, சிஸ்டர்?" என்று கேட்டார். பயத்தில் தாய்ப்பாலையும் நிறுத்தியிருந்தார். தாய்ப்பாலால் இது பரவுவதில்லை. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை நிறுத்திவைத்தால் போதும். அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வைரஸ் உள்ள 100 தாய்மாரில் ஏறக்குறைய 6 பேரின் குழந்தைக்குத்தான் தொற்றுகிறது (தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் இது கூடும்) என்று சொன்னபோது சற்றுத் தெளிந்தார். ஆனால், "இவளுக்கு இல்லை" என்று சொல்ல அன்று என்னிடம் எதுவும் இல்லை. இன்னும் 16 மாதம் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வரவில்லை.

மருந்தே மூன்று வயதில்தான் தொடங்கும், முன்கூட்டித் தெரிந்து என்ன செய்வது என்று சில மருத்துவர்களே கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி கோபத்தையே வரவழைக்கிறது. தெரிந்தால்தானே அந்தக் குழந்தை நம் பார்வையில் இருக்கும்? சில குழந்தைகளின் உடலே வைரஸை விரட்டிவிடுகிறது. அதையும் தொடர்ந்து பார்த்தால்தான் அறிய முடியும். விரட்டாத குழந்தைக்கு மூன்று வயதில் மருந்து கொடுத்தால் 8 அல்லது 12 வாரங்களில், 100-க்கு 95-க்கும் மேல் குணமாகிவிடுகிறது. விழுங்கத் தெரியாத சிறுவர்களுக்கென்று துகளாகவும் அது வந்துவிட்டது.

பிறந்த உடனே பார்த்தால் முடிவை முழுதாக நம்ப முடியாது. அதனால் இரண்டாம் மாத ஊசி நாளே மிகப் பொருத்தம். இரத்தம் எடுக்கும்போது குழந்தை அழத்தான் செய்யும். ஊசிக்கும் அழத்தானே போகிறது.

ஆகவே, அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே தாய்ப்பால் பற்றிய செய்தியையும் சேர்த்துவிடுங்கள். கைக்குழந்தையோடு உங்கள் இதழைப் புரட்டும் தாய் எவராவது அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்