விமானிகள் கண்டதும் அதிகாரிகள் சொன்னதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

அமெரிக்கப் போர் விமானிகள் வானில் கண்ட இனந்தெரியாப் பொருட்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த செய்தி, ஒரு பந்தியில் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய ஊகத்தையும் அடுத்த பந்தியில் அதிகாரிகளின் மறுப்பையும் தந்து முடிந்துவிட்டது. அந்த மறுப்பு எந்தத் தரவை வைத்துச் சொல்லப்பட்டது, அதைப் பிறர் சரிபார்க்க முடியுமா என்ற கேள்வி அதில் எழவே இல்லை. முதலில் கேட்கவேண்டியது அதுவே என்று கருதுகிறேன்.

1948 ஜனவரி 7 அன்று கென்டக்கி மாநிலத்தில் கப்டன் தோமஸ் மான்ரெல், உயரத்தில் மினுங்கிய பொருளொன்றைத் துரத்தி, ஒட்சிசன் இன்றி மேலேறி, விமானம் விழுந்து உயிரிழந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கோளையே என்று விமானப்படை முதலில் விளக்கியது. பட்டப்பகலில் வெள்ளி அவ்வளவு துலக்கமாகத் தெரியுமா என்ற ஆட்சேபம் எழுந்தது. அது கடற்படையின் ஸ்கைஹூக் என்ற பெரும் பலூனாக இருக்கவேண்டும் என்பதே பின்னர் பலரும் ஏற்ற விளக்கம்; அத்திட்டமோ அன்று இரகசியமாக இருந்தது. அவசரத்தில் சொன்ன ஒரு விளக்கம், பிற்பாடு வந்த நியாயமான விளக்கங்களையும் மக்கள் ஐயுற வழிவிட்டது.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகன் முறைப்படி வெளியிட்ட மூன்று காணொளிகளுள், 2015 இல் எடுக்கப்பட்ட ஒன்றில், ஒரு பொருள் கடலை உராய்ந்தபடி அதிவேகமாக ஓடுவதுபோலத் தெரிகிறது. அது ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் இருந்தது என்றும், விமானத்தின் வேகமே அதை ஓடுவதாகக் காட்டியது என்றும் பென்டகனின் விசாரணை அலுவலகம் கூறியது. ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸில் போகும்போது பனைகள் பின்னோக்கி ஓடுவது போன்ற தோற்றம் அது. தூரமும் கோணமும் காணொளித் திரையிலேயே எண்களாக இருப்பதால், உயர்தர மாணவர்கூடத் திரிகோண கணிதத்தால் சரிபார்க்கலாம். ஆகவே அதை நான் ஏற்கிறேன்.

2004 நவம்பர் 14 அன்று சான் டியேகோவுக்கு அப்பால், அமெரிக்கக் கடற்படை விமானிகளான கமாண்டர் டேவிட் பிரேவரும் அலெக்ஸ் டீட்ரிச்சும் இரு விமானங்களிலிருந்து கண்ட, சுமார் 40 அடி நீளமான, இறக்கையற்ற வெண்ணிறப் பொருளுக்கு இத்தகைய விளக்கம் கிடைக்கவில்லை. இத்தகைய பொருட்கள் பற்றி அமெரிக்க உளவுத்துறை 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கை ஆராய்ந்த 144 முறைப்பாடுகளுள் ஒன்று மட்டுமே, காற்றிறங்கும் பலூன் என, உறுதியாக இனங்காணப்பட்டது. ஏனையவை வேற்றுக்கிரகத்தவை என்று அது சொல்லவில்லை. தரவு போதாது என்றே சொன்னது.

போர்க்காலத்தில் சகடை என்ற குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சலையும் கிபீர் ஜெட்டின் உறுமலையும் வண்டு என்ற வேவு விமானத்தின் ரீங்காரத்தையும் எங்கள் சிறுபிள்ளைகளும் பிரித்தறிந்தார்கள். அதே நாட்களில் விடிவெள்ளியை, விமானத்திலிருந்து பரசூட்டில் இறக்கும் பரா வெளிச்சமென்று எண்ணி என் குடும்பம் பதுங்குகுழிக்குள் இறங்கிய விடியப்புறமும் உண்டு. பயின்ற கண்ணும் பிழைக்கும். அதற்காகக் கண்டவரை ஒதுக்கிவிடலாகாது. நாங்கள் கண்ணால் கண்டதை மறுத்து வானொலியில் அறிக்கை வாசிக்கப்பட்டபோது உண்டான வேதனை இன்னும் ஆறவில்லை. ஏளனத்துக்கு அஞ்சிப் பல விமானிகள் முறையிடுவதே இல்லை என்று 2023 ஜூலையில் அமெரிக்கக் கொங்கிரஸ் குழுவின் முன் முன்னாள் கடற்படை விமானி ரயன் கிரேவ்ஸ் கூறியது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

இனி இத்தகைய செய்திகளில், அதிகாரிகளின் விளக்கம் எந்தத் தரவில் நிற்கிறது, அத்தரவு வெளியிடப்பட்டதா என்ற இரண்டு வரிகளையேனும் சேர்க்குமாறும், இயலுமாயின் அந்த 2015 காணொளிக் கணக்கை மாணவர் பகுதியில் படத்துடன் பிரசுரிக்குமாறும் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.