ஒரு சொட்டு ரத்தத்தை மட்டும் நம்பலாமா?

ஆசிரியருக்கு,

ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயை முகாம்களில் சோதிக்கிறார்கள். மின்சாரம் கடத்தும் கார்பன் மின்முனைப் பட்டையில் ஒட்டிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்), ரத்தத்திலுள்ள பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் புரதத்தைப் பிடித்ததும் பெரோசயனைடு கரைசலின் மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவை வைத்துத்தான் பிஎஸ்ஏ அளவைக் கணக்கிடுகிறார்கள்; அளவு கூடினால் புற்றுநோய்ச் சந்தேகம். சிக்கல் இங்கேதான்: பிஎஸ்ஏ மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்றால், அதே சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) ஆல்புமின் என்ற வேறொரு புரதம் சுமார் 40 மில்லிகிராம், அதாவது ஒரு கோடி மடங்கு! பட்டையின் காலி இடங்களை முன்பே மாட்டு ஆல்புமினால் அடைத்துக் கழுவாவிட்டால், இந்த ஆல்புமின் ஒட்டியே மின்னோட்டம் இறங்கும். இல்லாத நோயைக் காட்டும்.

மதுரைச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த பட்டையில் ஆன்டிபாடி கெட்டுவிடும்; அப்போது இருக்கும் நோயும் தெரியாது. 2–8 டிகிரி குளிர் அவசியம். புரோஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்றிலும் பிஎஸ்ஏ ஏறும். பயாப்சி எனும் திசுச் சோதனைதான் புற்றுநோயை உறுதி செய்யும்.

முகாம் நடத்துவோர் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிப் பட்டையிலும் பிஎஸ்ஏ அளவு தெரிந்த சீரத்தை முதலில் சோதித்துப் பார்க்கட்டும்.

– ஆய்வக நுட்பர்கள், மதுரை