கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி

அன்பு மகளுக்கு,

தொண்டிக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆவதற்குள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் பெரியவனின் வெள்ளைச் சட்டை பழுப்பேறிவிட்டது, சின்னவளின் நீல ஸ்கர்ட் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கிறது என்று போனில் சொன்னாய். சோப்புத்தூளை இரண்டு தடவை மாற்றிப் பார்த்ததாகவும் சொன்னாய். தூளில் குற்றமில்லை தாயி. கோயம்புத்தூரில் 12 வருஷம் சிறுவாணித் தண்ணியில் துவைத்துப் பழகிய கை உன்னுடையது. அந்தத் தண்ணிக்கு எப்படித் துவைத்தாலும் துணி வெளுக்கும். கடற்கரைத் தண்ணிக்கு வழி வேறு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போகும் என்று எழுதுகிறேன்.

முதலில் உன் வீட்டுக் கிணத்துத் தண்ணி எவ்வளவு உப்பு என்று பார். எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி கிணத்துத் தண்ணி, பக்கத்தில் ஒரு கரண்டி காவிரிக் குழாய்த் தண்ணி விட்டு வெயிலில் வை. காய்ந்ததும் தட்டில் எவ்வளவு வெள்ளை படிகிறதோ, அதுதான் தினமும் பிள்ளைகள் சட்டையிலும் படிகிறது. காய்ந்த துணி பிசுபிசுப்பதற்குக் காரணம் அந்த உப்புதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்க ஆரம்பிக்கும். மழை நாளில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலை துணியிலும் நடக்கிறது. மத்தியானம் மொறுமொறு என்று காய்ந்தது பொழுது சாய்ந்ததும் தணுத்துப்போகும். எத்தனை மணி நேரம் கொடியில் கிடந்தாலும் இது மாறாது.

அதனால் பிசுபிசுப்புப் போக நீ மாற்ற வேண்டியது கடைசி அலசலை மட்டும்தான். ஊறவைப்பது, கசக்குவது, நுரை போக அலசுவது எல்லாம் கிணத்துத் தண்ணியிலேயே இருக்கட்டும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி எடு. குடத்துத் தண்ணியைத் துணிக்கு ஊற்றுவதா என்று மனசு பதறும், எனக்குத் தெரியும். அதற்கு அரைக்குடம் போதும். எப்படிச் செலவழிக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கைக் கேள். கையால் நன்றாகப் பிழிந்த ஒரு சட்டையில் ஏறக்குறைய 200 மில்லி தண்ணி தங்கும். நாலு சட்டை என்றால் 800 மில்லி உப்புத்தண்ணி. அதை 8 லிட்டர் நல்ல தண்ணியில் ஒரே தடவை முக்கி எடுத்தால் உப்பு பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே 8 லிட்டரை இரண்டு நாலு லிட்டராகப் பிரித்துக்கொள். முதல் நாலில் அலசி, இறுக்கப் பிழிந்து, அடுத்த நாலில் மறுபடி அலசினால் முப்பத்தாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணி கூடவில்லை, பலன் மூன்று மடங்கு. ஆனால் நடுவில் பிழிவதை விட்டால் எல்லாம் வீண். சொட்டச் சொட்டத் தூக்கிப் போட்டால் சட்டையோடு சேர்ந்து உப்புத்தண்ணியும் நல்ல தண்ணிக்குள் இறங்கிவிடும். நல்ல தண்ணியில் வெள்ளைச் சட்டை முதலில், பிறகு சின்னவளின் ஸ்கர்ட், பெரியவனின் பேண்ட், கடைசியில் சாக்ஸ். மிச்சத் தண்ணியைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள். கறிவேப்பிலைக்கு ஊற்றாதே, தூளில் இருக்கும் சோடாவும் உப்பும் சேர்ந்து வேரைக் கெடுக்கும்.

உன்னிடம் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் மெஷின் என்பது நல்லதாய்ப் போயிற்று, அதை விற்றுவிடாதே. துவைக்கும் தொட்டியில் கிணத்துத் தண்ணியை விட்டு ஓட்டு. ஸ்பின்னரில் 3 நிமிஷம் சுற்று. வெளியே எடுத்து வாளியில் நல்ல தண்ணியில் அலசு. மறுபடி ஸ்பின்னர். கை பிழிவதைவிட ஸ்பின்னர் அதிக உப்புத்தண்ணியை வெளியேற்றும், அதனால் நல்ல தண்ணி இன்னும் குறைவாகப் பிடிக்கும். தண்ணி உள்ளே போகும் குழாயின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். மாதம் ஒருதரம் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய். மணலும் துருவும் அடைத்துக்கொண்டால் தண்ணி நூலாய் வரும், மோட்டார் கெட்டுப்போச்சென்று மெக்கானிக்கைக் கூப்பிடுவாய்.

சோப்புத்தூள் நுரைக்கவில்லை என்று கூடக்கூடப் போடுகிறாய், அதை நிறுத்து. நுரையைக் கெடுப்பது தண்ணியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. சோப்புக் கட்டி அதோடு சேர்ந்து ஆடைபோலத் திரளும். நீலத்துணியில் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவது அதுதான். காலர் விறைப்பதற்கும் கழுத்து அரிப்பதற்கும் அலசியும் போகாத தூள் காரணம். 15 லிட்டர் வாளியில் முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கி 10 நிமிஷம் விடு. தண்ணி லேசாகக் கலங்கும், சுண்ணாம்பு பிரிகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு மேசைக்கரண்டி தூள். ஆப்பச் சோடா இந்த வேலைக்கு ஆகாது, கடையில் சலவைச் சோடா என்றே கேள். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைக் காட்டாதே. உன் கையும் காயும், ஒரு குச்சியால் கலக்கு. சோடா சுண்ணாம்பைத்தான் பிரிக்கும், உப்பைப் பிரிக்காது. ஆகவே கடைசி அலசலுக்கு அது மாற்று இல்லை.

இனி அந்தப் பழுப்பு. நீ பிளீச்சிங் திரவம் ஊற்றினாய் என்று சொன்னதைக் கேட்டதும் விளங்கிவிட்டது. சில ஆழ்துளைக் கிணறுகளில் இரும்புச் சத்து கரைந்திருக்கும். எடுத்தவுடன் தெளிவாக இருக்கும், வெள்ளை வாளியில் இரவு முழுக்க வைத்தால் காலையில் அடியில் செம்பழுப்பாய்ப் படியும். அந்தத் தண்ணியில் பிளீச்சிங் சேர்த்தால் கரைந்திருந்த இரும்பு அப்போதே துருவாகித் துணியில் ஏறும். வெளுக்கப் போட்டது பழுப்பாக்கிவிடும். டெரிகாட்டன் துணியில் பிளீச்சிங் அடிக்கடி பட்டால் அதுவே மஞ்சளும் அடிக்கும். எனவே சீருடைக்கு அதை இனி வேண்டாம். ராத்திரியே தண்ணி பிடித்து வைத்து, காலையில் அடியைக் கலக்காமல் மேல்தண்ணியை மட்டும் வெள்ளைத் துணி கட்டி வடித்தெடு. ஏறிவிட்ட பழுப்புக்கு எலுமிச்சைச் சாறும் தூள் உப்பும் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, நல்ல தண்ணியில் அலசு. இரண்டு மூன்று தடவை செய்தால் முக்கால்வாசி போகும். இது வெள்ளைக்கு மட்டும், நீலத்தில் வைத்தால் சாயம் வெளுக்கும். ஒன்று மறந்துவிடாதே: பிளீச்சிங் பட்ட வாளியில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றக் கூடாது. விஷவாயு கிளம்பும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மூச்சடைத்துவிடும்.

சொட்டு நீலம் கடைசி நல்ல தண்ணியில்தான். அரை வாளிக்கு நாலு சொட்டு, கையால் நன்றாகக் கலக்கிய பிறகு சட்டையை விரித்து முக்கு. சோப்பு மிச்சமிருந்தால் திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும். நீலம் அழுக்கை எடுக்காது, மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

கறைகளில் நீ தடுமாறுவது இரண்டு. சாம்பார் மஞ்சள் சோப்புப் பட்டதும் சிவக்கும். கறை கெட்டிப்பட்டுவிட்டது என்று பயந்து தேய்த்துத் தேய்த்து நூலைப் பிய்க்காதே. சோப்பின் காரம்தான் மஞ்சளைச் சிவக்க வைக்கிறது. அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் வெயிலே தின்றுவிடும். பால்பாயிண்ட் பேனா மையில் தண்ணி படுவதற்கு முன்பே சானிடைசர் விடு. அடியில் மடித்த பழந்துணி வைத்து மேலிருந்து ஒற்றி எடு, தேய்த்தால் பரவும். வாழைக்கறை பிடித்த சட்டையை வீட்டுக்குப் போட ஒதுக்கிவிடு, அதோடு மல்லுக்கட்டுவது நேரக்கேடு.

மாப்பிள்ளை மீன் ஏலக்கூடத்தில் நின்றுவிட்டு வரும் உடுப்பைச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறவைக்காதே. மீன் ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி, சுடுதண்ணி பட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொள்ளும். கவுச்சி வாடை சோப்புக்குப் போகாது. ஒரு வாளிக்கு அரை டம்ளர் வினிகர், இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து அரை மணி ஊறவைத்தபின் துவை. புளிப்புக்குத்தான் அந்த வாடை அடங்கும். டீசல் பட்டதை முதலில் ஒருநாள் வெளிக்காற்றில் தொங்கவிடு.

காயப்போடுவதற்கு இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறி, தோள்பட்டையில் செங்கோடு போட்டுவிடும். வலைக்கடையில் நைலான் கயிறு வாங்கி, இரண்டு இழையாக முறுக்கி இழுத்துக் கட்டு. சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு இழைக்கு நடுவில் செருகிவிட்டால் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக்கும் பறக்காது. கிளிப் வாங்காதே, அதன் கம்பிச்சுருளும் துருப்பிடிக்கும். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் மணலும் சேர்ந்து வரும். அப்போது வீட்டுக்குக் கிழக்குப் பக்கம், சுவர் மறைவில் கட்டு. வடக்கிலிருந்து வாடைக்காற்று திரும்பினதும் தெற்குப் பக்கம் மாற்று. நீலத்துணியை உள்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் போடு. சாயந்திரம் 4 மணிக்குள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடு. எடுக்கும்போது இடுப்புப் பட்டி, பாக்கெட் உள்துணி, காலர் மடிப்பு மூன்றையும் தொட்டுப் பார். துணி காய்ந்துவிட்டது என்று ஏமாற்றுவது இந்த மூன்று இடம்தான்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வெயிலை நம்ப முடியாது, ஆனால் தண்ணிக்குக் கவலை இல்லை. 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உன் மாடியிலும் குழாய் இறங்கியிருக்கும். முதல் கால் மணி நேர மழையை வெளியே விட்டுவிடு, கூரையில் படிந்த உப்புத்தூசியும் காக்கை எச்சமும் அதோடு போகட்டும். பிறகு வருவதை டிரம்மில் பிடித்து மூடி வை. திறந்து வைத்தால் கொசு முட்டையிடும். மழைத்தண்ணியில் சுண்ணாம்பும் கிடையாது, உப்பும் கிடையாது. அந்த மாதங்களில் சோடாவும் வேண்டாம், தூளும் பாதி போதும். வெயில் இல்லாத நாளில் இரண்டு முறை ஸ்பின்னரில் சுற்றி, ஹேங்கரில் மாட்டி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு ஃபேனுக்கு நேரே தொங்கவிடு. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் காலரும் பட்டியும் அதிலேயே காய்ந்துவிடும். சூட்டை நடுவில் வை. காட்டன் சூட்டில் தேய்த்தால் டெரிகாட்டன் பேண்டின் முட்டியும் பின்புறமும் பளபளப்பாகிவிடும், அந்தப் பளபளப்பை எதுவும் போக்காது.

சின்னவள் ஸ்கர்ட்டின் இரும்புக் கொக்கியை இன்றே பிரித்துவிட்டுப் பிளாஸ்டிக் பட்டன் வை. ஜிப்பில் வாரம் ஒருதரம் மெழுகுவர்த்தியைத் தேய். பெல்ட் பக்கிளுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. வெள்ளை கேன்வாஸ் ஷூவை நல்ல தண்ணியில் அலசி, வெள்ளை டிஷ்யூ பேப்பர் சுற்றிக் காயவை, மஞ்சள் பேப்பருக்கு ஏறிவிடும்.

பெரியவனுக்கு அரசுப் பள்ளியில் தரும் நாலு செட் சீருடையை வாங்கியவுடன் தைக்கக் கொடுத்துவிடாதே. தைத்தே வந்தாலும் ஒருதரம் நனைத்துக் காயவைத்த பிறகு அளவு பார்த்துப் பிடித்துக்கொள். பேண்ட் கீழ்மடிப்பில் 3 அங்குலம் உள்ளே விடச் சொல். அடுத்த வருஷம் இறக்கும்போது பழைய மடிப்புக்கோடு வெள்ளையாகத் தெரிந்தால், வினிகரும் தண்ணியும் சமமாகக் கலந்து நனைத்து இஸ்திரி போடு. சாயம் நிற்கப் புதுத்துணியை உப்பில் ஊறவைக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே சாயம் ஏறி முடிந்த துணிக்கு உப்பு ஒன்றும் செய்யாது. முதல் மூன்று துவையலுக்குத் தனியாகத் துவைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தொண்டிப் பக்கம் வருகிறார். முறுக்கின நைலான் கயிறு 10 மீட்டரும் ஒரு கிலோ சலவைச் சோடாவும் கொடுத்துவிடுகிறேன். ஸ்கர்ட்டுக்கு எத்தனை பட்டன் வேண்டும் என்று அதற்குள் எண்ணிச் சொல், இங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா
தங்கச்சிமடம்