வராத ஏழு இதழ்களும் கிடைக்காத பதிலும் தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 ஜூன் 12

முகாமையாளர் அவர்கள்,
சந்தாப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

விடயம்: முழுப் பணமும் செலுத்தப்பட்ட நான்கு படைப்பாளி உரிமைச் சித்திரக்கதைத் தொடர்களில் ஏழு இதழ்கள் கிடைக்காமை

தங்கள் நிறுவனத்தின் ஊடாக 2017 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களை வரவழைத்து வாசித்து வருபவன் நான். 2024 ஏப்ரல் 18 ஆம் திகதி, நான்கு தொடர்களின் 21 இதழ்களுக்காக, இதழொன்றுக்கு 1,480 ரூபா வீதம் 31,080 ரூபாவைக் கடனட்டை மூலம் ஒரே தடவையில் தங்களுக்குச் செலுத்தினேன். இன்றுவரை 14 இதழ்கள் கிடைத்துள்ளன. எஞ்சிய ஏழும் வரவில்லை. அவை ஏன் வரவில்லை என்பதைத் தாங்கள் எனக்கு அறிவிக்கவில்லை என்பதும், நானாகத் தேடி அறிந்த காரணங்களுக்கும் தாங்கள் கூறிய காரணங்களுக்கும் சிறிதும் பொருத்தமில்லை என்பதுமே இக்கடிதத்தை எழுத வைத்தன.

இதழ்கள் பிந்துகின்றன என்பதற்காக நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் வெளியிடும் அதிமனித நாயகர் கதைகளில் பாத்திரங்கள் நிறுவனத்துக்கே சொந்தமானவை. ஓவியர் ஒருவர் சுணங்கினால் வேறொருவரை அமர்த்தி அந்த மாதத்து இதழை அந்த மாதத்திலேயே அச்சேற்றிவிடுவார்கள். வரைந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓவியருக்குக் கூலியும் கிடைத்துவிடும். 1992 இல் ஏழு ஓவியர்கள் கூடி இமேஜ் என்ற சித்திரக்கதைப் பதிப்பு நிறுவனத்தைத் தொடங்கியது, அந்த ஏற்பாட்டில் தாம் உருவாக்கியவை தமக்குச் சொந்தமாகவில்லை என்பதனால்தான். அங்கே கதையும் பாத்திரமும் படைத்தவருக்கே உரியவை. படைப்பாளி உரிமை என்பது இதுதான். இதழொன்றுக்கு ஒரு நிலையான கட்டணத்தையும் அச்சுச் செலவையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை நிறுவனம் படைப்பாளியிடம் கொடுத்துவிடும். மிச்சம் என்று ஒன்று இருந்தால்தான் அதுவும். அந்தப் பணமும் இதழ் விற்ற பின்னரே கைக்கு வரும் என்பதால், அதுவரை வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓவியர் வேறு வேலைகளை ஏற்க வேண்டியிருக்கிறது. அவர் நோயுற்றால் அந்தத் தொடரும் படுத்துவிடுகிறது. அவருடைய கோட்டை வேறொருவர் இழுக்க முடியாது, இழுத்தாலும் நாங்கள் வாங்கமாட்டோம். முதலாவது இதழை ஆவலோடு வாங்கும் கூட்டம் மூன்றாவது, நான்காவது இதழ்களில் கரைந்துவிடுவது இந்த வியாபாரத்தில் வழமையான சங்கதி. விற்பனை அச்சுச் செலவுக்கும் காணாத கட்டத்தில் தொடர் நின்றுபோகிறது.

இவை எல்லாம் தெரிந்தே பணம் கட்டுபவர்கள் நாங்கள். 'நொன்பிளேயர்' என்ற தொடரின் முதலாவது இதழ் 2011 இலும் இரண்டாவது இதழ் 2015 இலும் வெளிவந்தன. ஜேசன் லூட்ஸ் 1996 இல் தொடங்கிய 'பெர்லின்' 22 இதழ்களில் நிறைவுபெற 2018 ஆயிற்று. அலன் மூர் எழுதிய 'பிக் நம்பர்ஸ்' 12 இதழ்களாகத் திட்டமிடப்பட்டு, 1990 இல் இரண்டே இதழ்களோடு நின்றுவிட்டது. அதற்கு இனி விமோசனமில்லை. பிரயன் கே. வோனும் பியோனா ஸ்டேப்பிள்சும் 'சாகா' தொடரின் 54 ஆவது இதழை 2018 ஜூலையில் வெளியிட்டுவிட்டு, 55 ஆவது இதழை 2022 ஜனவரியில்தான் தந்தார்கள். தமிழில் எழுதும்போது அந்தப் பெயருக்கு இறவாதது என்ற பொருள் வந்துவிடுகிறதே, சாகாது என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லியே மூன்றரை ஆண்டுகளைக் கடத்தினேன். அந்தக் காத்திருப்புக்காக நான் ஒருவரிடமும் முறையிட்டதில்லை. இடைவெளி விடப்போவதைப் படைப்பாளிகளே வாசகர்களிடம் சொல்லியிருந்தார்கள் என்பதும், அந்தக் காலம் முழுவதும் என் பணம் என்னிடமே இருந்தது என்பதும் அதற்குக் காரணங்கள்.

இனி எனது நான்கு தொடர்களுக்கு வருகிறேன். அவற்றின் பெயர்கள், எனது வாடிக்கையாளர் இலக்கம், பற்றுச்சீட்டின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். ஆறு இதழ்கள் கொண்ட விண்வெளிக் கதை முழுமையாகக் கிடைத்துவிட்டது. ஐந்தாவது இதழ் இரண்டு மாதம் பிந்தியதைப் பற்றிப் பேச எனக்கு எதுவுமில்லை.

நான்கு இதழ்கள் கொண்ட பேய்க்கதையில் இரண்டு இதழ்கள் வந்தன. 2024 நவம்பரில் பதிப்பகம் மிகுதி இரண்டு இதழ்களையும் இரத்துச் செய்து, கதை முழுவதையும் பின்னர் ஒரே புத்தகமாக வெளியிடுவதாக அறிவித்தது. இதைத் தங்களிடமிருந்து நான் அறியவில்லை. தங்கள் இணையத்தளத்தில் எனது கணக்கின் கீழ் அந்த இரண்டு இதழ்களுக்கும் நேராக இன்றும் 'தற்காலிகமாகக் கையிருப்பில் இல்லை' என்றே காணப்படுகிறது. அச்சிடப்படாத ஓர் இதழ் எவருடைய கையிருப்பில் இருக்க முடியும்?

ஆறு இதழ்களுக்குப் பணம் கட்டிய குடும்பக் கதை மூன்றாவது இதழோடு ஓய்வுக்குப் போயிருக்கிறது. ஓவியரின் உடல்நிலை காரணமாகத் திகதி குறிப்பிடாமல் தொடரை நிறுத்திவைப்பதாக எழுத்தாளர் வாசகருக்கு எழுதிய கடிதம், 2024 செப்டெம்பரில் தாங்களே என் வீட்டுக்கு அனுப்பிய மூன்றாவது இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பின்னரும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு தடவை, நான்காவது இதழ் 'வந்துகொண்டிருக்கிறது' என்ற மின்னஞ்சல் தங்களிடமிருந்து வந்தது. தாங்கள் விற்கும் இதழின் கடைசிப் பக்கத்தைத் தாங்கள் புரட்டிப் பார்க்க வேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒருவர் வரையவேயில்லை என்று சொல்லிவிட்ட படங்கள் கப்பலில் வருகின்றன என்று எனக்கு எழுதுவதற்கு முன்னராவது யாரேனும் ஒருவர் விசாரித்திருக்கலாம்.

என்னை அதிகம் வருத்தியது ஐந்து இதழ்கள் கொண்ட குற்றக்கதைதான், ஏனெனில் அதில் நடந்த இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது. மூன்றாவது இதழ் 2024 ஓகஸ்டில் வந்தது. நான்காவது பிந்தியது, நவம்பரில் பதிப்பகம் அதற்கு அதுவரை பெற்றிருந்த முன்பதிவுகள் எல்லாவற்றையும் இரத்துச் செய்து, பின்னர் மீண்டும் அறிவிப்பதாகக் கூறியது. இந்தத் தொழிலில் இருக்கும் தங்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை: பழைய முன்பதிவு செல்லாது, கடைகள் புதிதாக முன்பதிவு செய்ய வேண்டும், கடைகள் கேட்ட எண்ணிக்கையைப் பார்த்தே பதிப்பகம் அச்சிடும். அந்த இதழ் 2025 பெப்ரவரியில் மீண்டும் அறிவிக்கப்பட்டு மே மாதம் வெளிவந்தது. ஸ்காபரோவில் வசிக்கும் என் மைத்துனர் அதை அங்குள்ள கடையில் வாங்கி, அட்டையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிய பின்னரே, எனக்காகத் தாங்கள் இரண்டாவது தடவை முன்பதிவு செய்யவில்லை என்பது எனக்கு விளங்கியது. பணம் கட்டி ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருந்தவனுக்குக் கிடைக்காத இதழ், காத்திருக்காமல் கடைக்குள் நுழைந்தவருக்குக் கிடைத்திருக்கிறது.

இவ்விடயமாக நான் தங்களுக்கு ஐந்து மின்னஞ்சல்கள் அனுப்பியுள்ளேன், மூன்று தடவை தொலைபேசியில் பேசியுள்ளேன். முதலாவது அழைப்பில் சுங்கத்தில் தாமதம் என்றார்கள். இரண்டாவது அழைப்பில் துறைமுகத்தில் நெரிசல் என்றார்கள். இந்த ஆண்டு மார்ச் மாதத்து அழைப்பில், அமெரிக்காவின் டயமண்ட் விநியோக நிறுவனம் முறிந்துபோனதால் எதுவும் செய்ய இயலாதிருப்பதாக ஓர் அலுவலர் மிகவும் பணிவாக விளக்கினார். டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது உண்மை. அதனால் உலகெங்கும் கடைகள் இடர்ப்பட்டதும் உண்மை. ஆனால் 2024 செப்டெம்பரில் ஓய்வுக்குப் போன தொடருக்கும், 2024 நவம்பரில் இரத்தான இதழ்களுக்கும், அடுத்த ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த ஒன்று எவ்வாறு காரணமாகும் என்பதை அந்த அலுவலரிடம் கேட்டேன். மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறினார். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார் போலும்.

இதில் பணத்தின் பக்கமும் உண்டு. வெளிவராத இதழுக்காகக் கடையிடமிருந்து விநியோகஸ்தர் பணம் அறவிடுவதில்லை. பொதி அனுப்பப்படும்போதுதான் கடைக்குப் பட்டியல் வரும். ஆகவே எனது ஏழு இதழ்களுக்குரிய 10,360 ரூபா அமெரிக்காவில் எவரிடமும் சிக்கிக் கிடக்கவில்லை. கொழும்பில், தங்கள் கணக்கிலேயே ஓர் ஆண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. தொகை பெரிதல்ல என்று தாங்கள் எண்ணக்கூடும். என்னைப் போல எத்தனை பேருடைய சிறிய தொகைகள் அதே கணக்கில் இருக்கின்றன என்பது தங்களுக்கே தெரியும்.

கடந்த ஏப்ரலில், நான் கேட்காமலேயே, 'பதிலீடு' என்ற குறிப்போடு பெரிய நிறுவனம் ஒன்றின் அதிமனித நாயகர் இதழ்கள் இரண்டை அனுப்பியிருந்தீர்கள். அவற்றுள் ஒன்று ஒரு நீண்ட கதையின் ஏழாம் பாகம். ஆறு பாகங்களையும் எட்டாம் பாகத்தையும் நான் எங்கே தேடுவது என்பது குறிப்பில் இல்லை. கடலை கேட்டவனுக்குக் கச்சானைக் கொடுத்துச் சமாளிக்கலாம். ஒருவருடைய கையெழுத்தைப் போல அவருக்கே உரிய ஒரு கதையைக் கேட்டவனுக்கு வேறொரு கதையை நிறுத்துக் கொடுக்க முடியாது. இரண்டையும் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

தங்களால் இதைவிட நன்றாக நடந்துகொள்ள முடியும் என்பதை நான் நேரில் அறிந்தவன் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். 'வோக்கிங் டெட்' 2019 ஜூலையில் 193 ஆவது இதழோடு எவருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் முடிக்கப்பட்டபோது, முடிவை வாசகர் ஊகித்துவிடக் கூடாதென்பதற்காக, வரவே போகாத 194, 195 ஆம் இதழ்களுக்குப் பொய்யான அறிவிப்புகள் வெளியிடப்பட்டிருந்தன. அவற்றை நம்பி நான் தங்களிடம் கட்டியிருந்த பணம், நான் கேட்காமலேயே, அடுத்த கிழமை எனக்குத் திரும்பி வந்தது. 2022 இல், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டி, வங்கிகளில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வழியில்லாதிருந்த நாட்களில், தாங்கள் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதினீர்கள்: இதழ்களை இப்போது வரவழைக்க இயலாது, காத்திருக்க விரும்புவோர் காத்திருக்கலாம், விரும்பாதோருக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று. நான் காத்திருந்தேன், பதினொரு மாதம். அந்தக் கடிதத்தை எழுதியவர் இப்போது தங்கள் நிறுவனத்தில் இல்லையோ என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

எனது கோரிக்கை பின்வருமாறு. பேய்க்கதையின் இரத்தான இரண்டு இதழ்களுக்குரிய 2,960 ரூபாவையும், குடும்பக் கதையின் வெளிவராத மூன்று இதழ்களுக்குரிய 4,440 ரூபாவையும் எனது கடனட்டைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தங்கள் கடையின் எதிர்காலக் கொள்வனவுக்கான வரவாக அதை மாற்றுவதற்கு நான் உடன்படவில்லை. பேய்க்கதை புத்தகமாக வரும்போதும், குடும்பக் கதை மீண்டும் தொடங்கும்போதும், விரும்பினால் நானே புதிதாகப் பணம் கட்டுவேன். குற்றக்கதையின் நான்காவது இதழை வேறு கடையிலிருந்தாவது பெற்றுத் தர இயலுமா என்பதை அறிவிக்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்துக்கு அறிவிக்கப்பட்டுள்ள ஐந்தாவது இதழுக்கு எனது பெயரில் முன்பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதை, செய்யப்பட்ட திகதியோடு எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். நான்காவது இதழைத் தர இயலாதெனின் ஐந்தாவதை மட்டும் வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. அவ்வாறாயின் அந்த இரண்டுக்குமுரிய 2,960 ரூபாவும் எனக்குச் சேர வேண்டும்.

அத்துடன், ஒரு தொடர் பிந்தினாலோ, இரத்தானாலோ, மீண்டும் அறிவிக்கப்பட்டாலோ அதைச் சந்தாதாரருக்கு ஒரு வரியிலாவது தெரிவிக்கும் வழமையைத் தாங்கள் மீளவும் ஏற்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய ஆளணியோ மென்பொருளோ தேவைப்படாது. பதிப்பகங்களும் விநியோகஸ்தர்களும் இத்தகைய மாற்றங்களைக் கடைகளுக்கு ஒழுங்காக அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்களுக்கு வருவதை எங்களுக்கு அனுப்பிவைத்தாலே போதும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் கிடைக்காவிடின், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் பற்றுச்சீட்டோடும் தங்கள் மின்னஞ்சல்களின் பிரதிகளோடும் முறைப்பாடு செய்வேன். அதை நான் விரும்பவில்லை. இந்த நகரில் இத்தகைய இதழ்களை வரவழைத்துத் தரும் இடங்கள் மிகச் சிலவே.

பதிலீடாக வந்த இரண்டு இதழ்களையும் தங்கள் பொதி விநியோகிக்கும் தம்பியிடம் கொடுத்தனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். வார நாட்களில் மாலை ஐந்தரை மணிக்குப் பின்னர் வீட்டில் இருப்பேன். வருவதற்கு முன் அவர் ஒரு தடவை தொலைபேசியில் அழைத்தால் நல்லது. எங்கள் ஒழுங்கையில் மழை நாட்களில் தண்ணீர் நிற்கும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வெள்ளவத்தைச் சந்தாதாரர்

இணைப்பு: 2024.04.18 ஆம் திகதிய பற்றுச்சீட்டின் பிரதி, தொடர்களின் பெயர்ப் பட்டியல், மின்னஞ்சல்களின் பிரதிகள், குடும்பக் கதையின் மூன்றாவது இதழின் கடைசிப் பக்கத்தின் நிழற்பிரதி