தம்பி கடை மூடின விசயமாக அம்மாவுக்கு

தம்பெரே, பின்லாந்து
பொங்கலுக்கு முதல் நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதமும் சின்னக்கா அனுப்பின புழுக்கொடியலும் கிடைச்சது. தம்பி போன் திருத்திற கடையை மூடினதை ரெண்டு வரியில எழுதிப்போட்டு, மிச்சம் முழுக்கச் சித்தப்பா என்ன சொன்னார், கோயிலடியில ஆர் என்ன கேட்டவை எண்டெல்லோ எழுதியிருக்கிறியள்.

இஞ்ச சரியான குளிர். நேற்று மைனஸ் 22. நாலு மணிக்கு முந்தியே இருட்டிப்போகும். எனக்கு இப்ப இரவு வேலை. சம்பளம் கொஞ்சம் கூட, யோசிக்காதேங்கோ.

மேல்வீட்டுக் கிழவர் லிஃப்டில கண்டால் வாய் திறக்கமாட்டார். சௌனா எண்ட சூட்டுக் குளியல் அறைக்குள்ள வேர்க்க வேர்க்க இருந்தால்தான் கதை வரும். நோக்கியாவில எஞ்சினியரா இருந்தவராம். நோக்கியா எண்டது பக்கத்து ஊர்தான். அந்தக் கம்பனி 1865இல மரக்கூழ் ஆலையாத் துவங்கி, ரப்பர் சப்பாத்து, கேபிள் எல்லாம் செய்து, பேந்துதான் போனுக்கு வந்தது. ஐயா கடைசிவரைக்கும் வைச்சிருந்த ரோச் லைட் போன் இவையின்ரதான். 2007இல ஐபோன் வந்தாப்பிறகு சறுக்கி, 2014இல போன் வியாபாரத்தை மைக்ரோசொஃப்டுக்குக் குடுத்திட்டினம். ஆக்களை நிப்பாட்டேக்க, சொந்தத் தொழில் துவங்க விரும்பினவைக்கு ஆளுக்கு 25,000 யூரோ வரைக்கும் குடுத்தவை. கிழவரும் வாங்கித் துவங்கி, அது படுத்திட்டுதாம். சிரிச்சுக்கொண்டு சொல்லுறார்! ஒக்ரோபர் 13ஐத் தோல்வி நாள் எண்டு கொண்டாடுகினம் அம்மா, 2010இல பல்கலைக்கழகப் பொடியள் துவக்கினது. சித்தப்பா கேட்டால் எங்களைச் சாத்திரியிட்டைக் கூட்டிக்கொண்டு போவார்.

ஆனால் வேலையில்லாக் காலத்துக்கு அரசாங்கம் காசு குடுக்கிற நாட்டில விழுந்துபோட்டுச் சிரிக்கலாம். எங்கட பொடியன் விழுந்தால் அக்காவின்ர தாலிக்கொடியெல்லோ வங்கியில கிடக்குது. தம்பிக்குக் கெட்டித்தனம் காணாதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 2022 மார்ச் துவக்கத்தில 200 ரூபா வித்த டொலர் மே மாசம் 360. அவன்ர டிஸ்பிளே எல்லாம் சீனாவில இருந்து வாறது. முந்தி வாங்கின விலைக்கு லாபம் வைச்சு வித்தாலும், அந்தக் காசுக்குத் திரும்பச் சாமான் எடுக்கேலாது. அந்த ஏப்ரலில நாடே வெளிநாட்டுக் கடனுக்குக் கைவிரிச்சது. அதைக் கோயிலடியில ஆரும் மானக்கேடு எண்டு கதைச்சவையோ?

புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோட சப்பினன். கிழவருக்கும் ஒரு துண்டு குடுத்தன், மரமோ எண்டு கேட்டார். விடியப் பொங்கல். முத்தத்தில நீங்கள் கோலம் போட, தம்பி வெடி கொளுத்த, பால் பொங்கிச் சரியிற நேரம் நான் வேலையில நிப்பன். ஒருக்கா வந்து அந்தத் திண்ணையில இருந்தால் காணும் போல கிடக்கு அம்மா. சரி, அதை விடுங்கோ.

உரும்பிராய்க் காணியை வித்துத் தம்பியை வெளியில அனுப்பிற கதையை எடுக்கவேண்டாம். கடைச் சாமானையும் அரை விலைக்குக் குடுக்க விடாதேங்கோ, விறாந்தையில மேசை போட்டுத் திருத்தட்டும். தாலிக்கொடி ஈட்டுக்கு வட்டி எவ்வளவு, தவணை எப்ப எண்டு சின்னக்காவை எழுதச் சொல்லுங்கோ. இந்த மாசக் காசு பிந்தும், மாசியில சேர்த்துப் போடுறன். சித்தப்பா கேட்டால் வங்கி அலுவல் எண்டு சொல்லுங்கோ. கிணத்து மோட்டர் திருத்தியாச்சோ? கண் ஒப்பரேசனுக்குத் திகதி தந்தால் உடனே அறிவியுங்கோ.

அன்பு மகன்,
ரவி