எந்த வருடத்து அலி? கோட்டை மைதானத்துத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஓடி முடித்துவிட்டு நீங்கள் உட்கார்ந்து பேசுவதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குத்துச்சண்டையில் முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பதுதான் பாதி நாள் பேச்சு. போன மாதம் ஒரு தம்பி டைசனின் லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையை வளைத்துப் போடும் குத்து, எப்படி வரும் என்று வீசிக் காட்டப்போய், பக்கத்தில் இருந்தவர் கையிலிருந்த டீ கிளாஸ் பறந்து, சூடான டீ சட்டையெல்லாம் கொட்டி, வாய்ச்சண்டை கைகலப்பாகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1980ல் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. மாமா என்னைக் காட்பாடியில் ரயிலேற்றிக் கூட்டிப்போனார். கேலரியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தேன். அலிக்கு உடம்பு பூசியிருந்தது. எனக்கு அது பெரிதாகவே படவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வருடம் அக்டோபரில் லேரி ஹோம்ஸிடம் அடி வாங்கி, பத்து ரவுண்டு முடிந்ததும் அவருடைய கார்னரே, அதாவது அவருடைய பயிற்சியாளர் தரப்பே, போட்டியை நிறுத்தியது. நான் கண்ணால் பார்த்த அந்த அலி டைசனிடம் நிற்க மாட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1966ல் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலி வேறு ஆள். ஆகவே தம்பி, முதலில் வருடத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் பேச்சைத் தொடங்குங்கள்.

அடுத்தது, எந்தச் சட்டப்படி மோதுகிறார்கள்? 1982ல் மான்சினியோடு மோதிய கொரியாவின் டுக் கூ கிம் அடிபட்டு இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12க்கு வந்தன. இது சின்ன விஷயமில்லை. ராக்கி மார்சியானோவின் 49க்கு 49 வெற்றியைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறீர்களே, 1952ல் அவர் பட்டம் வென்ற போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே தள்ளினார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் மார்சியானோ பின்தங்கித்தான் இருந்தார். 13வது ரவுண்டில் ஒரே ஒரு வலது கைக் குத்து, வால்காட் சாய்ந்தார். இன்றைய சட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கே தோற்றிருப்பார், 49 என்ற எண்ணே இருந்திருக்காது. அதனால் மார்சியானோ மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்த 13வது ரவுண்டுக்கு மூச்சை வைத்திருந்தாரே, அதுதான் அவர் பலம்.

உங்களுக்கு முன்னாலேயே இந்தச் சண்டையைக் கம்ப்யூட்டரிடம் கொண்டுபோனார்கள். 1969ல் அலியையும், ஓய்வுபெற்று வருடக்கணக்கான மார்சியானோவையும் ரிங்கில் இறக்கி ரவுண்டு ரவுண்டாகப் படம் பிடித்தார்கள். முடிவைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13வது ரவுண்டில் நாக் அவுட் செய்வதாகக் காட்டினார்கள். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார். அந்தப் படம் திரைக்கு வருவதற்கு முன்பே மார்சியானோ விமான விபத்தில் போய்விட்டார். எனக்கு அந்தக் கதையை நினைத்தாலே நெஞ்சு கனக்கும்.

பளுதூக்குதலில் இந்தச் சிக்கல் இல்லை. நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரண்டு முறைகளிலும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கினார். அந்தக் கணக்கை அதே எடைப்பிரிவில் எந்தக் காலத்தில் தூக்கியவரோடும் வைத்துப் பார்க்கலாம். இரும்பு திருப்பி அடிக்காது. குத்துச்சண்டையில் எதிரே நிற்கிறவன் அடிக்கிறான், அதனால்தான் இதில் இத்தனை வாக்குவாதம்.

சரி, என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். 1966 அலி, 1988 டைசன், 15 ரவுண்டு. டைசன் பக்கம் நியாயம் இருக்கிறது. 1963ல் ஹென்றி கூப்பரும், 1971ல் ஃப்ரேசியரும் அலியைக் கீழே தள்ளியது லெஃப்ட் ஹூக்கில்தான், டைசனிடம் இருந்ததும் அதுதான். முதல் நான்கு ரவுண்டு எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் 1990ல் டோக்கியோவில் உயரமும் கை நீளமும் உள்ள பஸ்டர் டக்ளஸ், ஜாப் என்கிற நேர்க்குத்தைப் போட்டுப் போட்டே டைசனை எட்ட நிறுத்தி, 10வது ரவுண்டில் வீழ்த்தினாரே. அலியின் ஜாப் அதைவிட வேகம், கால் அதைவிட லேசு. 11, 12க்குள் அலி முடித்துவிடுவார் என்பது என் நம்பிக்கை.

இல்லை என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டு மாடிக்கு வாருங்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து வரவேண்டும். டீ கொட்டியவரும் கொட்டப்பட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். வில்லியம்ஸ் போட்டியைப் போடுகிறேன், அப்புறம் 1988ல் டைசன் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் சாய்த்ததைப் போடுகிறேன். அது சீக்கிரம் முடிந்துவிடும், இரண்டு தடவை பார்ப்போம்.

அன்புடன்,
மைதானத்தில் தினமும் உங்கள் பின்னால் நடக்கிற அண்ணன்