நீலகிரியில் விமான டிக்கெட் போட்டுத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் டிராவல்ஸ் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன ஜனவரியில் என் அப்பா லண்டனில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போனார். வயது 71, சர்க்கரை உண்டு. டிக்கெட் போட்டுக் கொடுத்தது உங்களில் ஒருவர்தான். சென்னையில் காலை 5:30க்குப் புறப்பாடு, லண்டனில் 11:00க்கு இறக்கம் என்று தாளில் இருந்தது. அப்பா கழித்துப் பார்த்தார். ஐந்தரை மணி நேரம். "மேட்டுப்பாளையத்திலிருந்து நம்ம ரயில் ஊட்டி ஏறுற நேரத்தைவிடக் கொஞ்சம்தானே கூட" என்றவர், மதிய மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டார்.

அவர் பறந்தது பதினொரு மணி நேரம். தங்கை பெட்டியைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தபோது நம் கடிகாரத்தில் மாலை ஆறு.

டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி என்பது உங்களுக்குத் தெரியும். முதல்முறை போகிறவருக்கு யார் சொல்வது? குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை. திரும்பும் டிக்கெட்டில் குழப்பம் நேர் எதிர்: பகல் 1:00க்குக் கிளம்பி மறுநாள் காலை 4:30க்குச் சென்னை. கழித்தால் பதினைந்தரை வரும், பறந்தது பத்துதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. அதனால், சென்னை–லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும் என்று வகுத்துச் சொல்வதும் சரியாக வராது.

இதெல்லாம் சென்னையிலிருந்து. நாம் இருப்பது மலையில். அப்பா கோத்தகிரி வீட்டை விட்டுக் கிளம்பியது முந்தின நாள் நண்பகல். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் விமானம் ஏறி, சென்னையில் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, லண்டனில் கால் வைக்கும்போது இருபத்தெட்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இந்த எண்ணை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மருந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் இதை வைத்துத்தானே திட்டமிட வேண்டும்?

பெங்களூரு வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. விடியற்கால விமானம் என்றால் முந்தின நாள் இரவு 9 மணிக்குள் காட்டைத் தாண்டியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலையையும் நம்ப முடியாது.

டிக்கெட்டோடு ஒரு துண்டுத் தாளில், தமிழில், கையாலேயே எழுதிக் கொடுங்கள்: வீட்டிலிருந்து மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் பறப்பது எவ்வளவு, இறங்கும்போது நம் ஊரில் மணி என்ன, மாத்திரை கைப்பையில். ஐந்து நிமிட வேலை.

வரும் மார்ச்சில் அம்மா தனியாகப் போகிறார். டிக்கெட்டுக்கு உங்களிடம்தான் வருவேன்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகன்